நனைந்து துருப்பிடித்த பழைய கிட்டார் பெடலைச் சரிசெய்வது: முழுமையான வழிகாட்டி

மழை ஒழுகிய பரணில் சில வருடங்கள் கிடந்த டிஸ்டார்ஷன் பெடல் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் காலடிப் பெட்டி) ஒன்று என்னிடம் வந்தது. அடிமூடியின் நான்கு திருகுகளில் இரண்டு துருவிலேயே கரைந்திருந்தன. திறந்து பார்த்தால், பேட்டரிக்கு மெத்தையாக வைத்திருந்த ஸ்பாஞ்ச் கருப்புப் பாகாக உருகி போர்டின் மேல் அப்பிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ஈயப் பற்றுகள் எல்லாம் பச்சைக் களிம்பு. ஐசி (பல கால் வைத்த சிப்) போயிருக்கும் என்று நானே முடிவு கட்டி, அதைக் கழற்றிப் புதிது போட்டேன். சத்தம் இல்லை. டிரான்சிஸ்டர்களை மாற்றினேன். அப்போதும் இல்லை. கடைசியில் பார்த்தால் குற்றவாளி இன்புட் ஜாக்குக்குள் இருந்த நகக்கண் அளவுத் தகடு ஒன்று. பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தொட்டு அதைத் துடைத்ததும் எல்இடி எரிந்தது. இரண்டு நாள் உழைப்பும் தண்டம். போதாததற்கு ஐசியைக் கழற்றும்போது இரண்டு செம்புத் தடங்கள் வேறு பிய்ந்து வந்துவிட்டன. பெடலை மழை கெடுத்ததைவிட நான் கெடுத்ததுதான் அதிகம்.

அன்றிலிருந்து நான் மாற்றாத வரிசை இது: முதலில் கழுவு, பிறகு அள, கடைசியில்தான் பற்றவை. கீழே வருவதெல்லாம் அந்த வரிசையில்தான் போகிறது. 9 வோல்ட்டில் ஓடும் அனலாக் பெடல்களுக்கு இது பொருந்தும். சுவர் மின்சாரம் நேராக உள்ளே போகும் பெடல், வால்வு (கண்ணாடிக் குழாய்) வைத்த பெடல் என்றால் இதை வைத்துக்கொண்டு திறக்க வேண்டாம். அவற்றில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் ஆளை அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

முதலில் செய்யக் கூடாதது

"வேலை செய்கிறதா என்று ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே" என்று கை பரபரக்கும். அதைத்தான் அடக்க வேண்டும். தண்ணீர் மட்டும் பட்டால் போர்டுக்குப் பெரிய சேதம் இல்லை. அதில் கரைந்திருக்கும் உப்பும், அதன் வழியே ஓடும் மின்சாரமும் சேரும்போதுதான் பிளஸ் பக்கத்துச் செம்பு கரைய ஆரம்பிக்கிறது. மின்சாரம் இல்லாமல் ஒரு மாதம் ஈரத்தில் கிடந்த பெடலைவிட, பேட்டரியோடு ஒரு வாரம் கிடந்த பெடல் மோசமான நிலையில் இருக்கும்.

ஆகவே அடாப்டரைப் பிடுங்குங்கள், பேட்டரியை எடுங்கள், ஜாக்கில் கேபிள் இருந்தால் அதையும் உருவுங்கள்.

பேட்டரி ஒழுகியிருந்தால் கையுறை போட்டுக்கொண்டு தொடுங்கள். ஆல்கலைன் பேட்டரியிலிருந்து வருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டு ஒற்றினால் லேசாக நுரைத்து அடங்கும். பழைய துத்தநாக-கார்பன் பேட்டரியில் ஒழுகுவது அமிலத் தன்மை உள்ளது. அதற்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீர். எதைத் தொட்டாலும் பின்னாலேயே சுத்தமான தண்ணீரால் துடைத்துவிட வேண்டும். வினிகரை அப்படியே விட்டால் அது தன் பங்குக்கு அரிக்கத் தொடங்கும்.

திறப்பது

ஜப்பானியப் பெடல்களின் திருகுத் தலை பார்க்க சாதாரண பிளஸ் போலவே இருக்கும். ஆனால் அது ஜேஐஎஸ் என்ற வேறு அளவு. சாதாரணத் திருப்புளி அதில் முழுதாக உட்காராது. துருப்பிடித்த திருகில் அழுத்தித் திருப்பினால் வழுக்கி, தலை மொழுமொழுவென்று ஆகிவிடும். துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு காத்திருந்து, ஜேஐஎஸ் திருப்புளியால் முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை அசைத்து, அப்புறம் கழற்றுங்கள். எண்ணெய் போர்டுக்குள் இறங்காதபடி பெடலைச் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே எதையும் தொடுமுன் நாலு பக்கமும் படம் எடுங்கள். எந்த நிறக் கம்பி எங்கே போகிறது என்பது இரண்டு நாள் கழித்து நினைவிருக்காது. போர்டில் சின்னத் திருகு வைத்த டிரிம்மர்கள் இருந்தால், அவை நிற்கும் இடத்தை மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோரஸ், ஃபிளாஞ்சர், டிலே வகைகளில் அந்தத் திருகுகளை "சும்மா திருப்பிப் பார்த்த" கையோடு பெடலின் குணமே மாறிப்போகும்.

உருகிய ஸ்பாஞ்சை மரக் குச்சியால் சுரண்டி எடுங்கள். ஒட்டிய மிச்சம் ஆல்கஹாலில் இளகும். உலோகத்தால் சுரண்டினால் செம்புத் தடமும் சேர்ந்து வரும்.

கழுவுவது

எலக்ட்ரானிக்ஸைத் தண்ணீரில் கழுவுவதா என்று தயங்க வேண்டாம். சேறோ உப்போ படிந்திருந்தால் ஆல்கஹால் மட்டும் போதாது. உப்பு தண்ணீரில்தான் கரையும். போர்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, வாலை வடித்த தண்ணீரில், மென்மையான பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து இரண்டு முறை அலசுங்கள். குழாய்த் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது. அது வேண்டாம். பொட்டென்ஷியோமீட்டர்களையும் (குமிழ்களுக்கு அடியில் இருப்பவை) கால் ஸ்விட்ச்சையும் முக்கிவிடாமல், போர்டை மட்டும் சாய்த்து அலசுவது நல்லது.

அடுத்து 99 சதவீத ஐசோபுரொப்பில் ஆல்கஹால். இது மிச்சத் தண்ணீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். ஐசியின் அடியிலும் ஜாக்கின் இடுக்கிலும் நன்றாக ஓட விடுங்கள். பக்கத்தில் சூடான சால்டரிங் அயர்ன் இருக்கக் கூடாது, இது சட்டென்று தீப்பற்றும். தின்னரும் அசிட்டோனும் வேண்டவே வேண்டாம். ஜாக்கின் பிளாஸ்டிக்கும், பழைய பாலிஸ்டைரீன் கெப்பாசிட்டர்களும் அதில் கரைந்துபோகும்.

அரிசி டப்பாவில் புதைப்பதால் அரிசி மாவு ஜாக்குக்குள் போவதைத் தவிர வேறு பலன் கிடையாது. காற்று ஓடும் இடத்தில், மின்விசிறிக்கு முன்னால் இரண்டு நாள் வையுங்கள். ஹேர் டிரையரை நெருக்கிப் பிடிக்க வேண்டாம். கை பொறுக்கிற சூடு போதும்.

காய்ந்த பிறகு போர்டில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் உடனே பதற வேண்டாம். பற்றுகளைச் சுற்றி மட்டும் மாவு போலப் படிந்திருந்தால், அது பற்றவைக்க உதவும் ஃபிளக்ஸ் என்ற பசையின் பழைய மிச்சம், ஆல்கஹாலில் பாதி கரைந்து வெளுத்தது. இன்னொரு முறை தேய்த்தால் போய்விடும். ஒரு எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் (சின்ன உருளை போல நிற்பது) காலடியில் மட்டும் ஈரப் பிசுக்காக இருந்தால் அது கசிகிறது, அதுதான் கவனிக்க வேண்டியது.

கண்ணால் தேடுவது

பூதக்கண்ணாடியும் பக்கவாட்டு வெளிச்சமும் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தாலே பாதி வியாதி தெரிந்துவிடும்.

பச்சைப் பூச்சுக்கு அடியில் செம்புத் தடம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் நலம். கறுத்து, பூச்சு கொப்பளித்திருந்தால் அந்த இடத்தில் செம்பு அரித்திருக்கிறது. பழைய டிரான்சிஸ்டர்களின் கால்கள் கன்னங்கரேலென்று இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். வெள்ளி முலாம் பூசிய கால்கள் காற்றிலேயே கறுக்கும். அதை நகத்தால் லேசாகத் தட்டுங்கள், உறுதியாக நின்றால் விட்டுவிடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது கம்பிகளில்தான். வெளி உறை பளபளவென்று இருக்கும். முனையை அரை அங்குலம் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் கரிபோல இருக்கும். ஈரம் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல உறைக்குள் ஏறிப் போயிருக்கும். அந்தக் கறுத்த இழையில் ஈயம் ஒட்டாது, உருண்டு விழும். பளிச்சென்ற செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போங்கள். நீளம் போதாவிட்டால் கம்பியையே மாற்றிவிடுங்கள். பேட்டரி ஸ்னாப்பின் சிவப்பு, கறுப்புக் கம்பிகளில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஜாக்குகள்: என் அனுபவத்தில் பாதி நோய் இங்கேதான்

பெடலின் இன்புட் ஜாக் பெரும்பாலும் ஸ்டீரியோ ஜாக். கிட்டார் மோனோதானே, பிறகு ஏன் என்று கேட்கலாம். அங்கே ஒளிந்திருப்பது ஒரு ஸ்விட்ச். பேட்டரியின் மைனஸ் கம்பி அந்த ஜாக்கின் நடுத் தகட்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும். மோனோ பிளக்கைச் செருகினால் அதன் உலோக உடம்பு நடுத் தகட்டையும் கிரவுண்டையும் (சர்க்யூட்டின் பூஜ்ய வோல்ட் பொதுத் தடம்) சேர்த்துவிடும். பேட்டரிக்கு வழி திறக்கும், பெடல் உயிர் பெறும். கேபிளைச் செருகியே வைத்தால் பேட்டரி தீர்ந்துபோவது இதனால்தான். என்னை இரண்டு நாள் அலைக்கழித்த தகடும் இதுதான்.

அடாப்டர் ஜாக்கிலும் இப்படி ஒரு தகடு உண்டு. அடாப்டர் முள் உள்ளே போனால் அது விலகி பேட்டரியைத் துண்டிக்கும், வெளியே வந்தால் மறுபடி சேரும். துரு ஏறினால் சேராது.

எனவே அடாப்டரில் ஓடி பேட்டரியில் ஓடாத பெடல் என்றால் இந்த இரண்டு தகடுகளையும், பேட்டரி ஸ்னாப்பையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். களிம்பு போகாவிட்டால் கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு, பிளக்கை இருபது முறை செருகி எடுங்கள். உப்புத்தாள் வேண்டாம். முலாம் போய்விட்டால் இன்னும் சீக்கிரம் துருவேறும். தகடு தளர்ந்திருந்தால் மெல்லிய குறடால் உள்பக்கமாக ஒரு சிட்டிகை வளையுங்கள். அப்புறம் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி ஒலிக்கும் நிலையில் வைத்து, மோனோ பிளக் செருகியிருக்கும்போது நடுத் தகடும் கிரவுண்டும் சேர்வதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

மின்சாரம் கொடுக்கும் முன் ஓர் அளவு

பேட்டரி இல்லாமல், பிளஸ் தடத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே எத்தனை ஓம் என்று அளங்கள். மீட்டரின் சிவப்பு முனை பிளஸ்ஸில் இருக்கட்டும். எண் சிறிதாகத் தொடங்கி மெதுவாக ஏறினால் நல்லது, கெப்பாசிட்டர் நிரம்புகிறது என்று பொருள். சில ஓம்களிலேயே நின்றுவிட்டால் எங்கோ ஷார்ட். முதல் சந்தேகம் அடாப்டர் ஜாக் அருகில் இருக்கும் டயோடு, பெரும்பாலும் 1என்4001. தலைகீழாக யாராவது அடாப்டர் மாட்டியிருந்தால், மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டு அது செத்திருக்கும். அதன் ஒரு காலைத் தூக்கி மறுபடி அளந்தால் தெரிந்துவிடும்.

ஷார்ட் இல்லையா? சரி, இப்போது மின்சாரம் கொடுக்கலாம். நேராக வேண்டாம், பிளஸ் கம்பியில் ஒரு 100 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்துக் கொடுங்கள். சாதாரண ஓவர்டிரைவ் பெடல் 5 முதல் 10 மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். அப்படியானால் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கிடையே அரை வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட்தான் தெரியும். நாலு, ஐந்து வோல்ட் தெரிந்தால் உடனே பிடுங்குங்கள், இன்னும் ஏதோ கசிகிறது. பெடல் புகைவதற்குப் பதில் அந்தச் சின்ன ரெசிஸ்டர் சுடட்டும்.

போலாரிட்டி விஷயத்தில் கவனம். பெரும்பாலான பெடல்களுக்கு நடுமுள் மைனஸ். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் வைத்த பழைய ஃபஸ் பெடல்கள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ்தான் கிரவுண்ட். 1966-இல் வந்த ஃபஸ் ஃபேஸ் அப்படிப்பட்டது. இன்னொன்று: பாஸ் (Boss) நிறுவனத்தின் பழைய பெடலில் அடாப்டர் துளை அருகே ஏசிஏ என்று எழுதியிருந்தால், இன்றைய 9 வோல்ட் அடாப்டரில் எல்இடி மங்கலாக எரியும். அது ஈரத்தால் வந்த கோளாறு அல்ல. கூடுதல் வோல்ட் வரும் பழைய அடாப்டருக்காக அப்படிச் செய்தார்கள். அந்தப் பெடலைப் பேட்டரியில் சோதியுங்கள்.

வோல்ட் அளப்பது

மீட்டரின் கறுப்பு முனை கிரவுண்டில். சிவப்பு முனையால் ஐசியின் கால்களைத் தொடுங்கள். 1979 வாக்கில் வந்த டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலிலிருந்து இன்றைய பெடல்கள் வரை உட்கார்ந்திருக்கும் 4558 வகை ஐசிக்கு எட்டுக் கால். மேலிருந்து பார்க்கும்போது, வெட்டு இருக்கும் பக்கத்தின் இடப்புறத்திலிருந்து கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் எண்ணுங்கள். 8-ஆம் காலில் 9 வோல்ட் அளவு, 4-ஆம் காலில் பூஜ்யம், மற்ற ஆறு கால்களிலும் சுமார் 4.5 வோல்ட் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு கால்களில் கொஞ்சம் குறைவாகக் காட்டினால் அது மீட்டர் இழுப்பதால் இருக்கலாம். பூஜ்யமோ ஒன்பதோ காட்டினால்தான் கோளாறு.

எல்லாக் கால்களிலும் 4.5-க்குப் பதில் 2 வோல்ட் என்றால், ஐசியைக் குறை சொல்லாதீர்கள். அந்தப் பாதி வோல்ட்டைத் தருவது பெரும்பாலும் இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களும், கூடவே 47 மைக்ரோஃபாரட் போன்ற ஒரு கெப்பாசிட்டரும். கசிவது அந்தக் கெப்பாசிட்டராக இருக்கும். சத்தம் மெலிந்து, நோட் அடங்கும்போது கரகரவென்று அறுந்து போவது இதன் அடையாளம்.

எந்தப் பாகமும் சாகாமல் பெடல் மட்டும் கோணலாக ஒலிப்பதும் உண்டு. இன்புட் பக்கத்தில் சர்க்யூட் மிக நுட்பமானது, அங்கே 1 மெகா ஓம் ரெசிஸ்டர்கள்தான் வோல்ட்டைத் தீர்மானிக்கின்றன. இரண்டு தடங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் ஒன்று இருந்தால், அதுவே இன்னொரு மெகா ஓம் ரெசிஸ்டர் போல நடந்துகொள்ளும். அளவு விசித்திரமாக இருந்தால் சால்டரிங் அயர்னுக்குப் போகாமல் மறுபடி பிரஷ்ஷுக்குப் போங்கள். இரண்டாவது கழுவலில் உயிர் பெற்ற பெடல்களை நான் பார்த்திருக்கிறேன்.

சத்தத்தைப் பின்தொடர்வது

வோல்ட் எல்லாம் சரி, சத்தம் மட்டும் வரவில்லை என்றால் ஓர் ஒலி ஊசி செய்துகொள்ளுங்கள். பழைய கிட்டார் கேபிளின் ஒரு முனையை வெட்டி, நடுக் கம்பியில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைப் பற்றவையுங்கள். அதன் மறு கால்தான் ஊசி. கேபிளின் வெளி வலையைக் கிளிப்பால் பெடலின் கிரவுண்டில் மாட்டி, கேபிளை ஆம்ப்ளிஃபையரில் செருகுங்கள். ஒலி அளவு மிகக் குறைவாக இருக்கட்டும்.

பெடலின் இன்புட்டுக்குப் போனிலிருந்து ஏதாவது பாட்டு கொடுங்கள். இப்போது ஊசியை இன்புட் ஜாக்கில் தொடுங்கள், பாட்டு கேட்கும். அடுத்து முதல் கெப்பாசிட்டரின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், டிரான்சிஸ்டர், ஐசி என்று ஒவ்வொரு காலாக நகருங்கள். எங்கே பாட்டு நிற்கிறதோ அதற்கும் அதற்கு முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு. கெப்பாசிட்டரின் ஒரு காலில் கேட்டு மறு காலில் கேட்காவிட்டால் அந்தப் பாகம். ஒரு பாகத்தின் காலில் கேட்டு, அதே தடத்தில் இருக்கும் அடுத்த பாகத்தின் காலில் கேட்காவிட்டால் நடுவில் செம்பு அறுந்திருக்கிறது. சர்க்யூட் படம் படிக்கத் தெரியாதவர்கூட இதைச் செய்துவிடலாம்.

இப்போதுதான் சால்டரிங் அயர்ன்

அறுந்த தடத்தை ஒட்ட, அதன் மேல் இருக்கும் பச்சைப் பூச்சைக் கத்தி முனையால் இரு பக்கமும் சில மில்லிமீட்டர் சுரண்டுங்கள். செம்பு மின்ன வேண்டும். கொஞ்சம் ஃபிளக்ஸ் தடவி, இரு பக்கமும் மெல்லிய ஈயப் பூச்சு. ரெசிஸ்டர் காலை வெட்டிய துண்டைப் பாலம் போல வைத்துப் பற்றவையுங்கள். அரித்த இடம் நீளம் என்றால் அதோடு மல்லுக்கட்டாமல், ஒரு பாகத்தின் காலிலிருந்து அடுத்ததன் காலுக்கு உறை போட்ட கம்பியை நேராக இழுத்துவிடுங்கள்.

பழைய போர்டில் செம்பு சீக்கிரம் பெயரும். அயர்ன் 330 டிகிரி செல்சியஸ் அளவில், ஒரு பற்றில் இரண்டு மூன்று நொடிக்கு மேல் வேண்டாம். களிம்பேறிய பழைய பற்று இளகாமல் அடம் பிடித்தால், சூட்டைக் கூட்டாமல் புது ஈயம் கொஞ்சம் ஊட்டுங்கள். அதிலுள்ள ஃபிளக்ஸ் பழையதையும் இளக்கிவிடும். அதன் பிறகு உறிஞ்சி எடுங்கள்.

பாகங்களில் எதை மாற்றலாம்? எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களில் கசிந்ததை, வீங்கியதை. அதே மைக்ரோஃபாரட், 16 அல்லது 25 வோல்ட் தாங்குவது, மைனஸ் கோடு எந்தப் பக்கம் என்று பழைய படத்தோடு ஒப்பிட்டுப் போடுங்கள். ஃபிலிம் கெப்பாசிட்டர்களும் ரெசிஸ்டர்களும் தண்ணீருக்கு அவ்வளவு எளிதில் சாவதில்லை. ஐசியைக் கடைசிக் கடைசியாக. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதுபோல எல்லாவற்றையும் மாற்றினால், வேலை முடிந்ததும் கையில் இருப்பது வேறொரு பெடல்.

கால் ஸ்விட்ச் உள்ளே துருப்பிடித்திருந்தால் மாற்றுவதுதான் வழி. ஒன்பது பற்றுக் கால்கள் உள்ள ஸ்விட்ச்சில் ஒவ்வொரு காலுக்கும் இடையே ஆறவிட்டுப் பற்றவையுங்கள். தொடர்ந்து சூடேற்றினால் உள் பிளாஸ்டிக் இளகி, புது ஸ்விட்ச்சும் அன்றே போய்விடும். பொட்டென்ஷியோமீட்டர்களுக்கு, கால்கள் இருக்கும் இடுக்கில் கான்டாக்ட் கிளீனர் பீய்ச்சி, முழுச் சுற்று முப்பது தடவை திருப்புங்கள். துரு இளக்கும் எண்ணெயை இங்கே கொண்டுவரக் கூடாது. அதன்பிறகும் திருப்பும்போது சத்தம் திடீர் திடீரென்று காணாமல் போனால் கார்பன் பாதை தேய்ந்துவிட்டது, புதிது போடுங்கள். முதுகில் பி100கே என்று இருந்தால் அதே எழுத்தும் எண்ணும் வேண்டும். எழுத்து மாறினால் குமிழ் திருப்பும் உணர்வே மாறும்.

டிஜிட்டல் பெடலாக இருந்து, பல அடுக்குப் போர்டில் துளைகளுக்குள்ளேயே பச்சை ஏறியிருந்தால், இரண்டு முறை கழுவிக் காயவைத்துப் பார்ப்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன். அதன் ஜாக்குகளும் குமிழ்களும் வேறு பெடலுக்கு ஆகும்.

மூடுவது

பொட்டென்ஷியோமீட்டர்களின் முதுகுக்கும் போர்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாளோ அட்டையோ இருந்திருக்கும். ஈரத்தில் மக்கியிருந்தால் தூக்கி எறிந்திருப்பீர்கள். அதற்குப் பதில் அதே அளவில் கெட்டியான பிளாஸ்டிக் தாள் வெட்டி வையுங்கள். திறந்தபடி அருமையாகப் பாடிய பெடல் மூடியதும் ஊமையானால், தொண்ணூறு சதவீதம் அந்தத் தாள் இல்லாததுதான் காரணம், இல்லையென்றால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கால் மூடியைத் தொடுகிறது. பேட்டரிக்கு மறுபடி ஸ்பாஞ்ச் வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். மெல்லிய ரப்பர் துண்டு போதும்.

ஒரு மணி நேரம் ஓடவிட்டு வாசியுங்கள். பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து அடிமூடியை மட்டும் திறந்து, முதலில் பச்சை இருந்த இடங்களைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். புதிதாக ஏதாவது பூத்திருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு முறை பிரஷ்ஷும் ஆல்கஹாலும்.